கத்திரி வெயிலில் ஓவர்க்ளாக்கிங்: எந்தப் பிராசஸர், எந்த ரேம்?

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் மெசேஜ்ல ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு இன்னைக்கு முழு எபிசோடும் பேசப் போறேன். கும்மிடிப்பூண்டியிலேர்ந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கார். சிப்காட்ல ஒரு மெஷின் ஷாப்ல சிஎன்சி ஆபரேட்டர். ஷிப்ட் முடிச்சு வந்து கேட், கேம் கத்துக்கிட்டு இருக்கார். ஆபரேட்டர்லேர்ந்து புரோகிராமரா மாறணும், அதுதான் திட்டம். ராத்திரி கொஞ்சம் கேமும் ஆடுவார். போனஸும் சீட்டுப் பணமும் சேர்த்து ஒரு பிசி போடறதுக்கு 80,000 ரூபாய் எடுத்து வெச்சிருக்கார். கிராஃபிக்ஸ் கார்டு அடுத்த வருஷம்னு முடிவு பண்ணிட்டார்.

கேள்வி இதுதான்: "அண்ணா, இன்டெல் 14600கே எடுத்து நல்லா ஓவர்க்ளாக் பண்ணலாமா, இல்ல ரைஸன் 7600 எடுத்து நல்ல ரேம் போட்டு அதை ஏத்தலாமா? ரூம் மொட்டை மாடில, ஷீட் போட்டது. ஏசி கிடையாது."

கடைசியா சொன்ன அந்த ரெண்டு வரிதான் இந்த எபிசோடே. யூடியூப்ல ரிவ்யூ பண்றவங்க பெரும்பாலும் 20, 22 டிகிரி ரூம்ல உட்கார்ந்து டெஸ்ட் பண்றாங்க. நம்ம ஊர்க் கணக்கு வேற. திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கற திருத்தணி, கோடையில 40 டிகிரியைத் தாண்டற ஊர்கள் பட்டியல்ல அடிக்கடி வர்ற பேர். ஷீட் ரூம்னா மத்தியானம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அதனால சிப்பையும் ரேமையும் ரிவ்யூ சார்ட் பாத்துத் தேர்ந்தெடுக்காம, அந்த ரூமை வெச்சுத் தேர்ந்தெடுப்போம்.

அன்னைக்கு லாபம் இருந்தது

ஓவர்க்ளாக்கிங் மேல இவ்வளவு ஆசை எங்கேர்ந்து வந்ததுன்னு முதல்ல பாத்துடலாம். 1998-ல இன்டெல் செலரான் 300ஏ-ன்னு ஒரு சிப் விட்டாங்க. 300 மெகாஹெர்ட்ஸ். அதுக்குப் பஸ் ஸ்பீடு 66, மல்டிப்ளையர் 4.5. மதர்போர்டுல பஸ்ஸை 100-க்கு மாத்தினா, 4.5 பெருக்கல் 100, அதாவது 450 மெகாஹெர்ட்ஸ். நிறைய சிப் அதுல அலுங்காம ஓடுச்சு. சும்மா ஒரு செட்டிங்ல 50 சதவீதம் கூடுதல் வேகம்! விலை கூடின பென்டியம் 2-க்குப் பக்கத்துல போய் நின்னுச்சு. பட்ஜெட்காரனுக்கு அது நிஜமான லாபம்.

இன்னைக்கு அந்த மிச்சத்தைக் கம்பெனியே எடுத்து நமக்கு வித்துடறாங்க. பூஸ்ட்னு நாம சொல்றது அதுதான். சிப் தன் வெப்பம், கரண்ட், வோல்டேஜ் எல்லாத்தையும் நொடிக்குப் பல தடவை பாத்து, போகக்கூடிய உச்சிக்குத் தானே போயிடுது. ரைஸன் 5 7600 பெட்டியிலேர்ந்து எடுத்து மாட்டின உடனே 5.1 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். அதுக்கு மேல நாம கையால ஏத்தறது ரெண்டு மூணு நூறு மெகாஹெர்ட்ஸ்தான். அதுக்குக் கொடுக்கற விலை என்னன்னு ஒரு சின்னக் கணக்குப் போடலாம்.

வோல்டேஜ் கணக்கு

சிப் இழுக்கற பவர், ஃப்ரீக்வென்ஸிக்கு நேர் விகிதத்துல கூடும். ஆனா வோல்டேஜுக்கு ஸ்கொயர்ல கூடும். 5.0 கிகாஹெர்ட்ஸை 5.3 ஆக்கறீங்க, அதாவது 6 சதவீதம். அதுக்காக வோல்டேஜை 1.20-லேர்ந்து 1.35-க்குக் கொண்டு போறீங்கன்னு வெச்சுக்குவோம். 1.35-ஐ 1.20-ஆல வகுத்தா 1.125. ஸ்கொயர் பண்ணா சுமார் 1.27. அதோட 1.06-ஐப் பெருக்கினா 1.34. ஆறு சதவீத வேகத்துக்கு 34 சதவீதம் கூடுதல் சூடு.

இதை ரூமுக்குள்ள கொண்டு வாங்க. உங்க கூலர், சாதாரண லோடுல சிப்பை ரூம் வெப்பத்தைவிட 50 டிகிரி மேல வெச்சிருக்குன்னு எடுத்துக்குங்க. 24 டிகிரி ஏசி ரூம்ல 74. ஷீட் ரூம்ல 38 டிகிரின்னா 88. இப்ப 34 சதவீதம் ஏத்துங்க. அந்த 50, 67 ஆகும். ஏசி ரூம்ல 91, ஏதோ ஓட்டிடலாம். ஷீட் ரூம்ல 105. ரைஸன் 7600-ஓட எல்லை 95 டிகிரி. அங்க போனதும் சிப் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். ஏத்தின 300 மெகாஹெர்ட்ஸ் மத்தியானம் ரெண்டு மணிக்கு உங்க கைல இருக்காது. ஈ.பி. பில்லு மட்டும் இருக்கும். ஸ்லாப் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும்ங்கறதையும் மறந்துடாதீங்க.

இப்ப 14600கே பக்கம் வருவோம். அது நல்ல சிப். 14 கோர், 20 த்ரெட். எல்லாக் கோரும் சேர்ந்து செய்யற வேலைல, உதாரணத்துக்கு ரெண்டரிங்ல, 7600-ஐவிட வேகம். அதை மறைக்க மாட்டேன். ஆனா இன்டெல் கொடுத்திருக்கற மேக்ஸிமம் டர்போ பவர் மட்டுமே 181 வாட். 7600 ஸ்டாக்ல 88 வாட்டோட நின்னுடும். 14600கே-ஐ ஓவர்க்ளாக் பண்ண இஸட்790 மாதிரி இஸட் வரிசை போர்டு வேணும். பி760-ல ரேமை ஏத்தலாம், கோர் மல்டிப்ளையரை ஏத்த முடியாது. ஆக, போர்டுக்கும் கூலருக்கும் சேர்த்துக் காசு. அந்த எல்ஜிஏ1700 சாக்கெட்டும் 14-ம் தலைமுறையோட முடிஞ்சுபோச்சு. ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-லயும் அதுக்குப் பிறகும் சப்போர்ட் உண்டுன்னு ஏஎம்டி சொல்லியிருக்காங்க.

இன்னொரு விஷயம். இன்டெல் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள்ல வோல்டேஜ் தேவைக்கு மேல போய், நாளாக ஆக சிப் நிலையில்லாமப் போற பிரச்சனை 2024-ல பெருசா வெடிச்சது. ஆகஸ்ட்ல மைக்ரோகோட் அப்டேட் விட்டாங்க, வாரண்டியையும் ரெண்டு வருஷம் நீட்டிச்சாங்க. ஏஎம்டியும் தப்பிக்கல. 2023-ல ரைஸன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சில சாக்கெட்டோட சேர்ந்தே கருகின படங்கள் வந்தது ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் எஸ்ஓசி வோல்டேஜுக்கு 1.3-னு உச்சவரம்பு வெச்சாங்க. கம்பெனி வெச்ச வோல்டேஜே இந்தப் பாடு படுத்துதுன்னா, அதுக்கு மேல நாம ஏத்தறதுக்கு எவ்வளவு இடம் இருக்கு?

தம்பியோட வேலைக்கு வருவோம். கேட் மாடலை மாத்தினா திரும்ப ரீபில்ட் ஆகுதே, அது பெரும்பாலும் ஒரே கோர்ல ஓடற வேலை. அங்க 14 கோர் பெருசா உதவாது. ஒரு கோரோட வேகமும், ரேம்லேர்ந்து டேட்டா எவ்வளவு சீக்கிரம் வருதுங்கறதும்தான் முக்கியம். அதனால என் ஓட்டு 7600-க்கு. அதுல இன்டகிரேட்டட் கிராஃபிக்ஸ் இருக்கு, கார்டு வாங்கற வரைக்கும் ஓட்டிக்கலாம். ஜாக்கிரதை, விலை குறைவுன்னு 7500எஃப் எடுத்துடாதீங்க, அதுல கிராஃபிக்ஸ் கிடையாது, டிஸ்ப்ளே வராது. கூட ஒரு பி650 போர்டு. ஏ620-ல ரேமை ஏத்தலாம், சிபியு ஓவர்க்ளாக்கிங் கிடையாது.

ரேம்: பெட்டி மேல இருக்கற பெரிய நம்பர்

இனிமேதான் நிஜமான வேலை. ரேம் பெட்டியில ரெண்டு நம்பர் பாக்கணும். ஒண்ணு வேகம், 5600, 6000, 7200. இன்னொண்ணு சிஎல். சிஎல்-ஐ 2000-ஆல பெருக்கி, வேகத்தால வகுத்தா நானோசெகண்ட் வரும். அதாவது கேட்ட டேட்டா வர்றதுக்கு ஆகற முதல் தாமதம்.

6000, சிஎல்30: 10 நானோசெகண்ட்.
6000, சிஎல்36: 12.
5600, சிஎல்46: 16-க்கும் மேல.
7200, சிஎல்34: 9.4.

அப்ப 7200 தானே நல்லது? இன்டெல்ல, நல்ல போர்டு இருந்தா ஆமா. ரைஸன் 7000-ல கதை வேற. 6000 வரைக்கும் சிப்புக்குள்ள இருக்கற மெமரி கன்ட்ரோலர் ரேமோட ஒண்ணுக்கு ஒண்ணு சேர்ந்து நடக்கும். 6400 அதிர்ஷ்டம் இருந்தா. அதுக்கு மேல போனா கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிடும். அதிகக் காசு கொடுத்து வாங்கின ரேம் அங்க வீணாகும். 2022-ல ஏஎம்5 வந்தப்பவே ஏஎம்டி 6000-தான் சரியான இடம்னு சொன்னாங்க. இன்னைக்கும் அதுதான். 6000, சிஎல்30, பெட்டியில எக்ஸ்போன்னு போட்டிருக்கணும்.

எத்தனை ஸ்டிக்? ரெண்டு. நாலு ஸ்லாட் இருக்கேன்னு நாலும் போட்டுடாதீங்க. நாலு ஸ்டிக் போட்டா 7600-க்கு ஏஎம்டி உத்தரவாதம் கொடுக்கற வேகம் வெறும் 3600. ரெண்டுன்னா 5200. இப்ப 16 ஒண்ணு, பின்னாடி 16 ஒண்ணுன்னு வாங்கினா, அந்த ரெண்டும் சேர்ந்து 6000-ல ஓடும்னு யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. ஒரே பெட்டியில வர்ற ஜோடி வேணும். 8 ஜிபி ரெண்டு எடுக்கலாமான்னா, டிடிஆர்5-ல 8 ஜிபி ஸ்டிக்குக்கு உள்ள சிப் அமைப்பே வேற, பேங்க் குரூப் பாதிதான். வேகம் அடி வாங்கும். 16 ரெண்டு, அதுதான் கணக்கு.

விலை? அதுதான் வயித்தெரிச்சல். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி போறதால 2025 கடைசியிலேர்ந்து ரேம் விலை தாறுமாறா ஏறிடுச்சு. டிசம்பர்ல மைக்ரான், க்ரூஷியல்ங்கற தன்னோட நுகர்வோர் பிராண்டையே மூடறதா அறிவிச்சாங்க. அதனால 80,000-ல ரேம் பெரிய பங்கைத் தின்னும். சிஎல்30-க்கும் சிஎல்36-க்கும் விலை வித்தியாசம் ரொம்ப இருந்தா சிஎல்36 எடுங்க. 6000 ஜோடியே கைக்கு எட்டலைன்னா 5600 ஜோடி எடுத்து அப்படியே ஓட்டுங்க. கேட் கத்துக்க அது போதும். ஓவர்க்ளாக்கிங்குக்காகக் கடன் வாங்க வேண்டாம்.

ஓட்டைக் குடம்

ரேமையும் வெப்பம் விடாது. இதை நிறைய பேர் கவனிக்கறதில்ல. ரேம்ல ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் கெபாசிட்டர்ல இருக்கற சார்ஜ். அது ஓட்டைக் குடம் மாதிரி, கசிஞ்சுகிட்டே இருக்கும். அதனால ரேம் அப்பப்ப நிறுத்தி எல்லாக் குடத்தையும் திரும்ப நிரப்பும். ரீஃப்ரெஷ்னு பேரு. ரெண்டு நிரப்புக்கு நடுவுல உள்ள இடைவெளிதான் டிஆர்இஎஃப்ஐ. பயாஸ்ல அதை நீட்டினா ரேம் அடிக்கடி நிக்காம வேலை செய்யும், வேகம் கூடும். ரேம் டியூனிங்ல நல்ல பலன் தர்ற செட்டிங் இது.

ஆனா சூடு ஏற ஏற குடம் வேகமாக் கசியும். டிசம்பர் ராத்திரி பதினோரு மணிக்கு எல்லா டெஸ்டும் பாஸ் ஆன செட்டிங், மே மாசம் கத்திரி வெயில்ல மத்தியானம் ஃபெயில் ஆகும். அதுவும் சத்தமில்லாம ஃபெயில் ஆகும். நீல ஸ்க்ரீன் வந்தா புண்ணியம், பிரச்சனை இருக்குன்னாவது தெரியும். வராம, ஒரு பிட் மட்டும் மாறி, ஃபைலுக்குள்ள போய் உட்கார்ந்துச்சுன்னா? டிடிஆர்5-ல ஆன்-டை ஈசிசி இருக்கேன்னு கேப்பீங்க. அது சிப்புக்குள்ள நடக்கறதை மட்டும்தான் திருத்தும். சிப்புலேர்ந்து பிராசஸர் வரைக்கும் உள்ள பாதைக்கு அதுல காவல் இல்ல. கேம்ல ஒரு பிட் தப்பினா ஒரு புள்ளி நிறம் மாறும். கேம் புரோகிராம்ல ஒரு எண் தப்பினா டூல் எங்க போய் இடிக்கும்னு சிஎன்சி ஓட்டற தம்பிக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

அதனால டெஸ்டை எப்பப் பண்றீங்கங்கறது முக்கியம். ஞாயித்துக்கிழமை மத்தியானம், கதவைச் சாத்தி, டேபிள் ஃபேனை அணைச்சு, டெஸ்ட்மெம்5, அப்புறம் ஒய்-க்ரஞ்சர், ரெண்டையும் மணிக்கணக்கா ஓட்டுங்க. டிடிஆர்5 ஸ்டிக்ல டெம்பரேச்சர் சென்சார் இருக்கு, ஹெச்டபிள்யூஇன்ஃபோல தெரியும். 55 டிகிரியைத் தாண்டுதுன்னா டிஆர்இஎஃப்ஐ-ஐக் குறைங்க, இல்ல ஸ்டிக் மேல காத்து படற மாதிரி ஒரு ஃபேன் வைங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான். "ஒண்ணுதானே"ன்னு விடாதீங்க. கத்திரி ஆரம்பிச்சதும் இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணுங்க.

என்ன செட்டிங்?

வரிசையாச் சொல்றேன். முதல்ல பயாஸ் அப்டேட். அடுத்து எக்ஸ்போ ஆன் பண்ணுங்க. எஸ்ஓசி வோல்டேஜ் என்னன்னு பாருங்க. 1.2-லேர்ந்து 1.25-க்குள்ள ஓடினா நல்லது, 1.3-ஐத் தாண்டவே கூடாது. முதல் தடவை ஆன் பண்ணும்போது சில நிமிஷம் ஸ்க்ரீன் கறுப்பாவே இருக்கும். மெமரி ட்ரெயினிங் நடக்குது. பயந்துபோய் ஸ்விட்சை அணைச்சுடாதீங்க.

அப்புறம் பிராசஸருக்கு, வோல்டேஜை ஏத்தாம இறக்குங்க. கர்வ் ஆப்டிமைஸர்னு இருக்கும். அதுல மைனஸ் 10 வைங்க, டெஸ்ட் பண்ணுங்க. அப்புறம் மைனஸ் 15, மைனஸ் 20. அதே வேகத்துக்குக் குறைஞ்ச வோல்டேஜ், அதனால குறைஞ்ச சூடு. சூடு குறைஞ்சா பூஸ்ட் தானே இன்னும் கொஞ்ச நேரம் மேல நிக்கும். நான் முதல்ல போட்ட ஸ்கொயர் கணக்கு இங்க நமக்குச் சாதகமாத் திரும்புது. ஷீட் ரூமுக்கு ஏத்த ஓவர்க்ளாக்கிங் இதுதான். ஆனா இதுவும் அளவோட. ரொம்ப இறக்கினா லோடு இல்லாம சும்மா இருக்கும்போது கூட ஹேங் ஆகும். கோர்சைக்ளர் மாதிரி ஒவ்வொரு கோராப் பாக்கற டூல் ஓட்டி ஒரு ராத்திரி விடுங்க.

ஒரு எச்சரிக்கை. எக்ஸ்போவும் ஓவர்க்ளாக்கிங்தான்னு ஏஎம்டியே எழுதி வெச்சிருக்காங்க. அதனால வர்ற சேதம் வாரண்டியில வராது. தெரிஞ்சே பண்ணுங்க.

கரண்ட், தூசி, ரிச்சி ஸ்ட்ரீட்

கும்மிடிப்பூண்டின்னா ரோலிங் மில், ஃபர்னஸ். பெரிய லோடு ஏறி இறங்கற ஏரியாவுல பல்பு சிமிட்டறது சகஜம். ஆக்டிவ் பிஎஃப்சி இருக்கற நல்ல எஸ்எம்பிஎஸ் 100-லேர்ந்து 240 வோல்ட் வரைக்கும் தாங்கும். அதனால வோல்டேஜ் குறைவுக்குன்னு தனியா ஸ்டெபிலைஸர் வேண்டாம். சிமிட்டல்தான் பிரச்சனை. நம்ம கரண்ட்ல ஒரு சைக்கிள் 20 மில்லிசெகண்ட். எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்கறது முழு லோடுல ஏறக்குறைய அதுக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு சைக்கிள் போச்சுன்னா பிசி ரீஸ்டார்ட் ஆகலாம். அதைப் பாத்துட்டு "ரேம் செட்டிங் தப்பு"ன்னு ஒரு வாரம் தேடிக்கிட்டு இருப்பீங்க. ஒரு யுபிஎஸ் போடுங்க. வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா அதை யுபிஎஸ் மோடுல வைங்க. எர்த் இருக்கான்னு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாத்துடுங்க. தூசிக்கு, கேஸ்ல முன்னாடி ஃபில்டர் இருக்கணும், மாசத்துக்கு ஒரு தடவை தட்டணும். ஃபில்டர் அடைச்சா நாம போட்ட கணக்கெல்லாம் பத்து டிகிரி தள்ளிப் போயிடும்.

வாங்கறதுக்கு, கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினா சென்ட்ரல், அங்கேர்ந்து ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம்தான். ஆனா எதாவது போச்சுன்னா திரும்ப அதே ஐம்பது கிலோமீட்டர், ஒரு நாள் லீவு, ஒரு நாள் சம்பளம். அதனால ஜிஎஸ்டி பில்லோட வாங்குங்க. "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்"னு சொன்னா வேண்டாம்னுடுங்க. பில்லுல ரேமோட மாடல் நம்பர் முழுசா இருக்கான்னு பாருங்க. "டிடிஆர்5 16 ஜிபி"ன்னு மட்டும் எழுதினா சிஎல்30-ஆ 40-ஆன்னு அப்புறம் சண்டை போட முடியாது.

ஆக தம்பி, 7600, பி650, 16 ஜிபி ரெண்டு, 6000, சிஎல்30 இல்லன்னா 36, ஒரு நல்ல டவர் ஏர் கூலர், நல்ல எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ். எக்ஸ்போ ஆன், கர்வ் ஆப்டிமைஸர் மைனஸ்ல. பட்ஜெட் இடிச்சா முதல்ல குறைக்க வேண்டியது ரேம் வேகம். யுபிஎஸ்ஸைக் குறைக்காதீங்க.

வாங்கி மாட்டினதும் ஞாயித்துக்கிழமை மத்தியான டெஸ்ட் ரிசல்ட்டை அனுப்புங்க, டெம்பரேச்சரோட. மத்தவங்களும், நீங்க இருக்கற ஊர், ரூம் எப்படி, ஏசி உண்டா இல்லையா, எல்லாம் எழுதி அனுப்புங்க. பொன்னேரி, மீஞ்சூர், திருத்தணி எங்கேர்ந்து வந்தாலும் சரி. நிறைய சேர்ந்தா நம்ம ஊர் வெப்பத்துக்கு நாமளே ஒரு பட்டியல் போட்டுடலாம். அடுத்த எபிசோட்ல பழைய ஏஎம்4 போர்டு வெச்சிருக்கறவங்களுக்கு, டிடிஆர்4-லயே என்ன பண்ணலாம்னு பேசறேன்.